கலியாணசுந்தரம் கொண்டுபோன கைப்பிடி

மலாக்கா நகரத் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் கலியாணசுந்தரம் முப்பத்து மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் வேலை செய்தார். அத்தனை காலத்திலும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்தது ஒரே ஒரு முறைதான்: 1952 ஜூன் 11, புதன்கிழமை பிற்பகல் முதல் ஜூன் 20, வெள்ளிக்கிழமை வரை.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. காஜா பேராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடு. மனைவி கமலவேணி, ஐந்து பிள்ளைகள். விடியுமுன் நாலே முக்காலுக்கு எழுந்து, ஆறு மணிக்கெல்லாம் குழாய் முறுக்கும் இரும்புச் சாவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மாலையில் வேலை முடிந்து வந்தால் அக்கம்பக்கத்துக் குழாய்கள் காத்திருக்கும். பக்கத்துச் சிட்டிக் கிராமத்தில், தமிழை மறந்துபோன பழைய தமிழ்க் குடிகளிடையே, யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் பேசுவது மலாய், இவர் பதில் சொல்வது பாதி மலாய், பாதி தமிழ். வேலைக்குக் கூலி வாங்க மாட்டார். தேநீர் கொடுத்தால் குடிப்பார். ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு தன்னால் சும்மா நடந்துபோக முடியாது என்பார். அதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை.

அவருடைய ஒரே தங்கை சந்திரமதி, செங் என்ற ஊரைத் தாண்டி மூன்று மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த ஆயுதக்காரர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டினார்கள். வேலிக்குள் இருந்தவர்களுக்கு அரிசி அளந்துதான் கிடைக்கும். அந்த அளவில் பெரியவர்களுக்கே வயிறு நிறையாது. செங் சாலையில் ஒரு காவல் சாவடி இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பிடி அரிசிகூட அதைத் தாண்டக்கூடாது. அந்த ஏப்ரலில் லாரி இருக்கைக்கு அடியில் மூன்று ராத்தல் அரிசியோடு பிடிபட்ட ஒருவர் உள்ளே போனார். ஜூன் வரை அவர் வெளியே வரவில்லை.

கலியாணசுந்தரம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தங்கையைப் பார்க்கப் போவார். மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டதும் இடையிலும் போனார். அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மொத்தம் பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் சைக்கிளில் ஏதாவது இருக்கும்: பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி, ஒரு போத்தல் வேப்பெண்ணெய், தேய்க்கத் தைலம். சாவடியில் இறங்கி எல்லாவற்றையும் தானே எடுத்துக் காட்டுவார். அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அரிசி மட்டும் ஒருநாளும் கொண்டுபோனதில்லை.

ஜூன் 11 அன்று பகல் பன்னிரண்டு பத்துக்கு, சாலையோரப் பள்ளத்தில் இடுப்பளவு நின்று குழாய்க்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தபோது, தோட்டத்து லாரி ஓட்டும் தேவதாஸ் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கவில்லை. கண்ணாடியோரம் தலையை நீட்டினார்.

"சுந்தரம், கொஞ்சம் மேலே ஏறி வாங்க."

"என்ன தேவதாஸ்? சொல்லுங்க."

"தங்கச்சி காலையில ஒன்பது மணிக்குப் போயிடுச்சு."

கலியாணசுந்தரம் கையிலிருந்த சாவியை உடனே விடவில்லை. வளையத்தை இன்னும் அரைச் சுற்று முறுக்கினார். பிறகுதான் மேலே ஏறினார்.

"நாலு மணிக்கு எடுக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சுடுகாடு வேலிக்கு வெளியில இல்ல? அஞ்சரைக்குள்ள எல்லாரும் உள்ள வந்துடணுமாம். கோடியும் வாய்க்கரிசியும் உங்க வீட்டுலருந்து வரணும்னு பொன்னுதுரை சொல்லி அனுப்பினாரு. முகத்தை மூடாம வச்சிருப்பாங்க."

பொன்னுதுரை சந்திரமதியின் கணவர்.

வாழ்க்கைப்பட்ட பெண் இறந்தால் கடைசியாக உடுத்தும் புடவையும், வாயில் இடும் அரிசியும் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். தாய் தகப்பன் இல்லாதவள் சந்திரமதி. பிறந்த வீடு என்று அவளுக்கு மீதமிருந்தது அண்ணன் ஒருவர்தான். அவர் அடுப்படி அரிசி வராமல் அவளைப் புதைத்தால் அவள் யாருமற்றவளாகப் போனாள் என்று ஆகும். இதை யாரும் கலியாணசுந்தரத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லக்கூட நேரமில்லை. கூட வேலை செய்தவரிடம் சாவிகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு மிதித்தார். கமலவேணி ஓலமிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தீபாவளிக்கென்று பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த தன் புடவையை எடுத்து வைத்தாள். மஞ்சள், குங்குமம், சூடம் பொட்டலம் கட்டினாள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பானையிலிருந்து இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டாள். முடிச்சுப் போடப் போனபோது கலியாணசுந்தரம் அவள் கையைப் பிடித்தார்.

"இன்னும் போடு."

"எதுக்குங்க? இது போதுமே."

"பிள்ளைங்க மூணு பேரு அங்க இருக்காங்க. போன ஞாயிறு பார்த்தேன், சின்னவன் வெறும் மரவள்ளிக் கிழங்கைச் சப்பிக்கிட்டு இருந்தான். இனிமே அவளும் இல்ல, தன் பங்கை எடுத்துக் கொடுக்க."

"சாவடியில பிடிச்சாங்கன்னா?"

"வாய்க்கரிசின்னு சொல்லிக்கலாம். செத்த வீட்டுக்குப் போறவனை என்ன பண்ணிடுவாங்க?"

கமலவேணி துணியை மறுபடி விரித்தாள். பிறகு பால் டின்னை எடுத்து, தலை தட்டி, நான்கு டின் அளந்து போட்டாள். "இங்கேயும் அஞ்சு இருக்கு. அதையும் நெனச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாய்க்கரிசியை வீட்டைவிட்டு எடுத்தால் வழியில் தரையில் வைக்கக்கூடாது, பையில் போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ப் பிணத்தின் அருகில்தான் அவிழ்க்க வேண்டும். இது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் கொண்டுபோனார். ஆகவே கலியாணசுந்தரம் அந்த முடிச்சை வேட்டிக்குள் இடுப்போடு இறுக்கிக் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வழக்கத்தை அப்படியே செய்தார். அது ஒளித்து வைப்பதுபோல் இருக்குமே என்ற எண்ணம், சைக்கிளில் ஏறி இரண்டு மைல் போன பிறகுதான் அவருக்கு வந்தது. அப்போது மணி ஒன்று நாற்பது. திரும்ப நேரமில்லை.

இரண்டு பதினைந்துக்குச் சாவடி.

சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் ஜீப்பில் எங்கோ போயிருந்தார். சோதனைக்கு நின்றவர் சேதுபதி என்ற சிறப்புக் காவலர். எஸ்.சி. என்பார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துப் பையன், வாய் ஓயாது. கலியாணசுந்தரத்தை நன்றாகத் தெரியும்.

"வாங்கண்ணே, வாங்க. இன்னைக்குப் புதன்கிழமையாச்சே. பைப்பு வேலைக்கா, தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோறீங்களா? போன தடவை தைலம், அதுக்கு முந்தி வேப்பெண்ணெய். அடுத்தது கட்டிலும் மெத்தையும்தான் பாக்கி."

"தங்கச்சி தவறிட்டா தம்பி."

சேதுபதியின் சிரிப்பு நின்றது. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அய்யோ. மன்னிச்சுக்குங்கண்ணே, தெரியாமப் பேசிட்டேன். எப்ப?"

"காலையில. நாலு மணிக்கு எடுக்கிறாங்க."

"சரி சரி, சாமானை மட்டும் காட்டிட்டுக் கிளம்புங்க. என்ன இருக்கு?"

"கோடிப் புடவை. மஞ்சள், குங்குமம், சூடம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

பதினான்கு முறை அந்த இடத்தில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னவர், பதினைந்தாவது முறை பொய் சொன்னார். சேதுபதி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக் கட்டினார். பிறகு, பழக்கத்தில், இரண்டு கைகளாலும் அவர் விலாவைத் தட்டிக்கொண்டு கீழே வந்தார். இடுப்பில் கை நின்றது.

சாலையில் ஒரு மாட்டு வண்டி போய் முடிகிற வரைக்கும் சேதுபதி காத்திருந்தார்.

"அண்ணே, மடியில என்ன?"

"வாய்க்கரிசி."

"வாய்க்கரிசியா?" சேதுபதி இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "நானும் தமிழன்தான் அண்ணே. எங்க அம்மாவுக்கு நான்தான் போட்டேன். இவ்வளவும் ஒரு வாய்க்கா?"

கலியாணசுந்தரம் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! லாரிக்காரன் கதை தெரியாதா? அவனை முதல்ல விட்டவன் ஒரு எஸ்.சி., அவன் வேலையும் போச்சு, தெரியுமா?" சேதுபதி சாலையின் இருபக்கமும் பார்த்தார். "இங்க பாருங்க. சார்ஜன் வர இன்னும் நேரம் இருக்கு. அந்தா மதகு. போய் அவிழ்த்துக் கொட்டிட்டு வாங்க. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடும். நான் ஒண்ணும் பார்க்கல, நீங்க ஒண்ணும் கொண்டுவரல. ஏறி மிதிங்க."

மதகு பத்தடி தூரத்தில் இருந்தது. கலியாணசுந்தரம் அதையே பார்த்தார். கொட்டிவிட்டால் மூன்று மணிக்குள் தோட்டத்தில் இருக்கலாம். இரவு வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு சாப்பிடலாம். ஆனால் கையில் அரிசி இருக்காது.

"ஒரு கைப்பிடி மட்டும் வச்சுக்கறேன் தம்பி. மீதியைக் கொட்டிடறேன்."

"ஒரு மணி அரிசி இருந்தாலும் கேஸ்தான் அண்ணே. உள்ள ரோந்து போறவங்க பிடிச்சு, எந்தச் சாவடி வழியா வந்தேன்னு கேட்டா, என் தலைதான் உருளும்."

"அங்க எவனாவது ஒரு பிடி கொடுப்பான்னு போகச் சொல்றியா?"

"கொடுக்க மாட்டாங்களா?"

"கொடுப்பாங்க. அது அவ பிறந்த வீட்டு அரிசி ஆகுமா?"

சேதுபதி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்போ சார்ஜன்கிட்ட கேட்டுக்குங்க. என்னால ஆகாது."

கலியாணசுந்தரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாவடி நிழலில் நின்றார். பலகையில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இரண்டரை ஆயிற்று. மூன்று ஆயிற்று. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சேதுபதி இரண்டு முறை மதகைக் கண்ணால் காட்டினார். இரண்டு முறையும் அவர் மாட்டேன் என்று தலையை அசைத்தார். இடுப்பு முடிச்சின்மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். வேர்வை ஊறி, துணி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

மூன்று இருபத்தைந்துக்கு ஜீப் வந்தது. சார்ஜன் உமர் இறங்கினார். ஐம்பதை நெருங்கிய மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். கேட்பதை மலாயில் மெதுவாகக் கேட்பார். சேதுபதி விறைப்பாக நின்று சொல்லி முடித்ததும், முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.

"துவான், தரையில் வைக்கக் கூடாது" என்றார் கலியாணசுந்தரம், மலாயில்.

சார்ஜன் தராசைக் கொண்டுவரச் செய்தார். துணியோடு தட்டில் வைக்கச் சொன்னார். இரண்டு ராத்தல், மூன்று அவுன்ஸ். பிறகு நோட்டை எடுத்து, பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி, விரல் வைத்துக்கொண்டு வாசித்தார். ஜனவரி 6, வாழைப்பழம் ஒரு சீப்பு. ஜனவரி 20, சட்டைத் துணி இரண்டு கஜம். பிப்ரவரி 3, வேப்பெண்ணெய் ஒரு போத்தல். இப்படிப் பதினான்கையும், அவசரமில்லாமல். கலியாணசுந்தரத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மூன்று முப்பத்தொன்று. மூன்று முப்பத்து மூன்று.

"பதினாலு தடவை எல்லாம் சொன்னாய். வாழைப்பழத்தைக்கூட. இன்று மட்டும் ஏன் சொல்லவில்லை?"

சேதுபதி முந்திக்கொண்டார். "துவான், எங்கள் வழக்கம் அது. செத்தவர் வாயில் போடும் அரிசி. இவ்வளவும் அதற்குத்தான். இடுப்பில்தான் கட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது."

அது அவர் எறிந்த கயிறு. கலியாணசுந்தரம் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சார்ஜனுக்கு இந்த வழக்கம் தெரியாது. எவ்வளவு அரிசி வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

சார்ஜன் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். "அப்படியா?"

கலியாணசுந்தரத்துக்குத் தராசுத் தட்டில் இருந்த துணி கண்ணில் பட்டது. அதில் இருந்தது தங்கையின் கடைசி அரிசி. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"இல்லை துவான். இடுப்பில் கட்டுவது வழக்கம்தான். ஆனால் அவளுக்கு ஒரு கைப்பிடி போதும். மீதி அவள் பிள்ளைகளுக்கு. மூன்று பேர். அதனால்தான் சொல்லவில்லை."

சேதுபதி கண்ணை மூடிக்கொண்டார். சார்ஜன் அவர் பக்கம் திரும்பினார். "உங்கள் வழக்கம் சீக்கிரம் மாறுகிறதே" என்றார்.

வெளியே முதல் தூறல் விழுந்தது. சார்ஜன் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பிறகு தராசுத் தட்டைக் கலியாணசுந்தரத்தின் பக்கம் தள்ளினார்.

"கையை விடு. உன் கைப்பிடி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. அதைத் துணியில் கட்டக் கூடாது, பையில் போடக் கூடாது, சட்டைக்குள் வைக்கக் கூடாது. கையிலேயே போகட்டும். எவன் நிறுத்தினாலும் கையைத் திறந்து காட்டு." ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினார். "உன் ஐ.சி., அடையாள அட்டை, இங்கே இருக்கும். ஐந்தே முக்காலுக்குள் நீ இங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் நாளை நான் வேறு ஆள்களோடு காஜா பேராங்குக்கு வருவேன்."

"வருவேன் துவான்."

"கேஸ் எழுதிவிட்டேன். அது போகாது. தெரிகிறதா?"

"தெரிகிறது."

குழாய்ச் சாவி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. இடது கையால் அள்ளி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மீதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் மட்டும் சைக்கிளைப் பிடித்து ஏறினார். மணி மூன்று ஐம்பது.

மூன்று மைல் செம்மண் பாதை. மழை கனத்தது. மூடிய இடது கையை நெஞ்சோடு அணைத்து, மணிக்கட்டை மேல்பக்கம் திருப்பி, விரலிடுக்கில் தண்ணீர் இறங்காதபடி குனிந்து மிதித்தார். கோடிப் புடவைப் பொட்டலம் பின்னால் கட்டியிருந்தது. முதல் மைல் கல்லருகே சக்கரம் வழுக்கியது. விழும்போது கையை ஊன்றுவது மனிதனுக்கு இயல்பு. அவர் கையை ஊன்றவில்லை. முழங்கையும் தாடையும் கல்லில் பட்டன. எழுந்து, முதலில் இடது கையைப் பார்த்தார். மூடியபடியே இருந்தது. சைக்கிளின் கைப்பிடி கோணிவிட்டது. அப்படியே ஏறி மிதித்தார். அடுத்த வளைவில் ரோந்துக்காரர்கள் நால்வர் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். காகிதத்தைக் கொடுத்தார். கையைத் திறந்தார். தாடையிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் அரிசியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மழைத்துணியின் ஓரத்தை அவர் கைமேல் பிடித்தார், அவர் விரல்களை மறுபடி மூடிக்கொள்ளும்வரை.

சுடுகாட்டில் குழி வெட்டி முடித்து மண்வெட்டியோடு இரண்டு பேர் நின்றார்கள். பாடையின்மேல் நான்கு பேர் ஒரு தார்ப்பாயை உயரப் பிடித்திருந்தார்கள். தோட்டத்துக் காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை மூடிவிடலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம், லயத்தில் சந்திரமதிக்கு அடுத்த வீட்டுக்காரியான அஞ்சலை பாடையை ஒட்டி மண்ணில் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. "அண்ணன் வரட்டும். வரலேன்னா என்னையும் சேர்த்து மூடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு இருபத்தைந்துக்குச் சைக்கிள் வந்தது.

"வந்துட்டாரு. எழுந்திரிங்கடி" என்றாள் அஞ்சலை, கூட இருந்த பெண்களிடம்.

புடவையைப் போர்த்தினார்கள். கலியாணசுந்தரம் குனிந்து இடது கையைத் திறந்தார். வேர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. மூன்று முறை தங்கையின் வாயில் இட்டார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒன்பது வயது சீதா, ஆறு வயது பாக்கியலட்சுமி, இரண்டு வயது தம்பிராஜா. ஒவ்வொரு கையிலும் நாலைந்து மணிகளை வைத்துப் போடச் சொன்னார். சின்னவன் தன் பங்கை வாயில் போட்டுக்கொள்ளப் போனான். சீதா அவன் கையைப் பிடித்து அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

மண் தள்ளி முடிந்தபோது சீதா அவர் அருகில் வந்து நின்றாள். மாமா வெறுங்கையோடு வந்து அவள் பார்த்ததில்லை. சைக்கிளைப் பார்த்தாள். அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"மாமா, வேற ஒண்ணும் இல்லையா?"

கலியாணசுந்தரம் அவள் நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்துவிட்டார். பிறகு பொன்னுதுரையைத் தனியே அழைத்தார்.

"மாப்பிள்ளை, பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன மச்சான் சொல்றீங்க? அவ போன அன்னைக்கேவா? வீடு காலியாயிடும்."

"அரிசியை இங்க கொண்டுவர என்னால முடியல. பிள்ளைங்களை அங்க கொண்டுபோறதுக்கு எந்தச் சாவடியும் தடுக்காது."

"பெத்தவன் நான் இருக்கேன்ல? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"விடியக்காலையில நாலு மணிக்கே நீங்க ரப்பர்ப் பால் வெட்டப் போயிடுவீங்க. இதுங்க மூணும் யாரு கையைப் பார்த்துக்கிட்டு நிக்கும்? காரியம் முடியற வரைக்குமாவது விடுங்க."

பொன்னுதுரை மழையில் நின்று வேலிப் பக்கம் பார்த்தார். அஞ்சலை மட்டும், "அவரு சொல்றது சரிதான்யா, பேசாம அனுப்பு. ஞாயிறு ஞாயிறு நீ போய்ப் பாரு" என்றாள். பொன்னுதுரை தலையசைத்தார். தோட்டத்து எழுத்தரான கிராணி, ரேஷன் பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை அடித்துச் சீட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து நாற்பதுக்குக் கலியாணசுந்தரம் சாவடியில் இறங்கினார். சின்னவன் முன் கம்பியில், பெண்கள் இருவரும் பின்னால். கோணிய கைப்பிடியோடு கடைசி மைலைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். சார்ஜன் உமர் வெளியே வந்து மூவரையும் எண்ணினார்.

"போகும்போது ஒரு கைப்பிடி. வரும்போது மூன்று வாய்" என்றார்.

"கிராணி சீட்டு இருக்கிறது துவான்."

சார்ஜன் சீட்டை வாங்கிப் படித்து, நோட்டில் எழுதினார். அன்று மாலையே அவரை வேனில் ஏற்றி அனுப்புவதாகத்தான் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, நாளை காலை எட்டு மணிக்குத் தானாக வந்து நிலையத்தில் நிற்க வேண்டும் என்று மாற்றி எழுதினார். நோட்டின் பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது. கிழிக்க முடியாது, கிழிக்கிறவரும் அல்ல அவர். ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்தார். சேதுபதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒரு மாற்று வேட்டியோடு கலியாணசுந்தரம் நிலையத்துக்குப் போனார். எட்டுப் பிள்ளைகளையும் ஒரு அறையில் விட்டுவிட்டு, கமலவேணி ஒவ்வொரு நாளும் நிலையத்து வாசலில் போய் நின்று திரும்பினாள். எத்தனை மாதமோ, எத்தனை வருடமோ, யாரும் சொல்லவில்லை. விசாரித்த அதிகாரி, காட்டுக்காரர்களோடு என்ன தொடர்பு என்று நாள் தவறாமல் கேட்டார். பதினான்கு முறை போனதே சந்தேகத்துக்கு இடம் என்றார். ஏழாம் நாள் செங் சாவடி நோட்டை வரவழைத்துப் பார்த்தார். வாழைப்பழம் ஒரு சீப்பிலிருந்து எல்லாமே அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், சார்ஜன் உமரின் கையெழுத்தில், 'கேட்டபோது உண்மை சொன்னார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகத் திரும்பி வந்தார்' என்று இரண்டு வரி இருந்தது. ஜூன் 20, பிற்பகல் மூன்று மணிக்கு எச்சரித்து அனுப்பினார்கள்.

சேதுபதிக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. மேலதிகாரியிடம் பொய் சொன்னதற்காக ஜூலையில் வேலையை விட்டு நீக்கினார்கள். கலியாணசுந்தரம் புக்கிட் ரம்பாய்க்கு மூன்று முறை தேடிப் போனார். முதல் இரண்டு முறை சேதுபதி வெளியே வரவில்லை. மூன்றாம் முறை வந்தார்.

"என்னண்ணே, இங்கேயும் உண்மை சொல்ல வந்துட்டீங்களா?"

"குழாய்ப் பிரிவுல ஆள் எடுக்கிறாங்க. மண்டோர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு."

சேதுபதி வந்தார். இருவரும் பதினைந்து ஆண்டுகள் ஒரே பள்ளத்தில் வேலை செய்தார்கள். பிள்ளைகள் மூவரும் காரியம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. பொன்னுதுரை ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறு ஆண்டு செங் சாவடியை எடுத்தபோது, கலியாணசுந்தரம் பால் டின்னால் நான்கு டின் அரிசி அளந்து, சைக்கிளின் முன்கம்பியில் எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு பொன்னுதுரை வீட்டுக்குப் போய் வந்தார். 1957இல் நாடு சுதந்திரம் பெற்ற அன்று காலை, காஜா பேராங்கிலிருந்து ஊர்வலம் பார்க்கப் போன எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை. எவை அவர் பெற்றவை, எவை தங்கை பெற்றவை என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. பிள்ளைகளை வரிசையாக எண்ணிக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்.

கலியாணசுந்தரம் 1981 மார்ச் 9, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, தம் வீட்டில் காலமானார். வயது அறுபத்தேழு. சீதாவும் பாக்கியலட்சுமியும் தம்பிராஜாவும் மற்ற ஐவரோடு வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியில் சேதுபதி வந்தார். தலை நரைத்திருந்தது. வேட்டி மடிப்பை அவிழ்த்து, ஒரு சிறு முடிச்சை எடுத்துப் பிரித்து, அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டார். புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ்ஸில் அதை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மடியில என்னன்னு வழியில ஒருத்தனும் கேட்கலண்ணே" என்றார். பிறகு கைப்பிடியைத் திறந்தார்.